சித்தன்னவாசல் ஓவியங்களில் அறுவண்ணத் தேர்வும் கலப்பும்: பொருள்சார் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் ஓவியங்கள் வெண்மை, கருமை, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஆறு நிறமிகளால் ஆனவை என்பதை வேதியியல் ஆய்வு நிறுவியுள்ளது. இக்குறைந்த எண்ணிக்கையைக் கலைஞனின் வறுமையாகக் கருதுவோரும், சமயக் கோட்பாட்டின் வெளிப்பாடாகக் கருதுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் சுண்ணத்தின் இயல்பைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. ஆறு என்னும் எண்ணைச் சுவரின் வேதியியல் வகுத்தது என்பதும், அவ்வெல்லைக்குள் கலப்பின் வழியாக நிறவேறுபாடுகளை உருவாக்கியதிலேயே ஓவியனின் கலைத்திறன் வெளிப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: சித்தன்னவாசல், நிறமி, சுண்ணச் சாந்து, வண்ணக் கலப்பு, அறுவகைப் பிறப்பு, இலேசியை, சுவரோவியம்

1. முன்னுரை

தமிழகச் சுவரோவியங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காலம், காட்சிப்பொருள், சமயம் ஆகிய மூன்றையே முதன்மைப்படுத்தி வந்துள்ளன. யார் வரைவித்தார், என்ன வரையப்பட்டுள்ளது, எச்சமயத்தைச் சார்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை தேடப்பட்ட அளவிற்கு, எவ்வெந்நிறமிகள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன, அவை எவ்வாறு கலக்கப்பட்டன என்னும் வினாக்களுக்கு விடை தேடப்படவில்லை. நிறமிகளின் பட்டியல் ஆய்வுநூல்களில் இடம்பெறுகிறது. எனினும் அது ஒரு தகவலாக நின்றுவிடுகிறதேயன்றித் திறனாய்வுக்கு அடிப்படையாக அமைவதில்லை.

இதனால் விளையும் இடர்ப்பாடு சிறிதன்று. நிறமிகளின் எண்ணிக்கைக்கான காரணம் ஆராயப்படாத நிலையில், அவ்வெண்ணிக்கைக்கு வெளியிலிருந்து பொருள் ஏற்றப்படுகிறது. அவ்வாறு ஏற்றப்பட்ட பொருள் பின்னர் அக்கோயிலின் சமயத்தைத் தீர்மானிக்கும் சான்றாகவும் ஆளப்படுகிறது. ஆகவே வண்ணத்தேர்வு பற்றிய ஆய்வு கலைநுட்பம் பற்றியதாக மட்டும் அமையாமல், வரலாற்றுச் சான்றின் தகுதி பற்றியதாகவும் அமைகிறது.

2. ஆய்வுக்களமும் நிறமிகளும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள சித்தன்னவாசல் குன்றின் மேற்குச் சரிவில் குடையப்பட்ட அறிவர் கோயில், கருவறையும் அர்த்தமண்டபமும் கொண்டது. முன்பு இதன் ஓவியங்கள் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தவை எனக் கருதப்பட்டன. பின்னர், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்த செய்தியைக் கூறும் பாடல்வடிவக் கல்வெட்டின் அடிப்படையில், இன்று காணப்படும் ஓவியங்களின் பெரும்பகுதி ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. அக்கல்வெட்டு அவனிபசேகரன் ஸ்ரீவல்லபனைக் குறிப்பிடுகிறது.

இவ்வோவியங்களின் நுட்பத்தைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளராக விளங்கிய எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்தார். அவ்வாய்வுமரபின்வழி அறியலாகும் நிறமிகள் வருமாறு: வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சட்காவி, சிவப்புக்குச் செங்காவி, பச்சைக்குப் பச்சைமண், நீலத்திற்கு லாபிஸ் லசூலி எனப்படும் நீலக்கல். இவற்றுள் கரியும் நீலக்கல்லும் நீங்கலாக ஏனையவை மண்ணும் சுண்ணமுமே ஆகும்.

இப்பட்டியலில் கருதத்தக்க கூறு ஒன்று உண்டு. செங்காவியின் நிறம் இரும்பு ஆக்சைடினால் அமைவது. மஞ்சட்காவியின் நிறம் நீரேறிய இரும்பு ஆக்சைடினால் அமைவது. மஞ்சட்காவியைச் சுட்டால் அது செங்காவியாக மாறும். பச்சைமண்ணின் நிறமும் அதிலுள்ள இரும்பைச் சார்ந்ததே. எனவே ஆறு நிறமிகளுள் மூன்று, இரும்பு என்னும் ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிலைகளாகும். இவ்வோவியங்களில் எந்நிறமும் பிறநிறத்தோடு முரணித் துருத்தி நில்லாமைக்கு இவ்வுறவும் ஒரு காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

3. சுண்ணம் வகுத்த எல்லை

சுவரோவியத்தில் நிறமியைச் சுவரோடு பிணைப்பது சுண்ணம். நீற்றிய சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது நிறமித்துகள்கள் அதனுள் சிறைப்படுகின்றன. ஈரச் சாந்தின்மீது வரைவது ஒரு முறை. உலர்ந்த சாந்தின்மீது சுண்ணநீர் கொண்டு வரைவது மற்றொரு முறை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சோழர் ஓவியங்கள் ஈரச்சாந்து முறையைச் சார்ந்தவை என்பது பரமசிவனின் முடிவு. சித்தன்னவாசல் ஓவியங்கள் உலர்சாந்து முறையைச் சார்ந்தவை எனக் கொள்ளப்படுகின்றன. முறை வேறாயினும் பிணைப்பொருள் இரண்டிற்கும் சுண்ணமே.

சுண்ணம் கடுங்காரத் தன்மையுடையது. காரத்தைத் தாங்காத நிறமி சுவரில் நிலைபெறாது. பெரும்பாலான தாவரச் சாயங்கள் காரத்தாலும் ஒளியாலும் வெளிறுகின்றன. ஈய வெண்மை சுவரில் கருத்துவிடும் இயல்பினது. சாதிலிங்கமும் ஒளிபட்டுக் கருமை எய்தக்கூடும். இவற்றை விலக்கினால் எஞ்சுபவை காவிகள், பச்சைமண், கரி, சுண்ணம், நீலக்கல் முதலிய சிலவே. சித்தன்னவாசலில் காணப்படும் பட்டியல் ஏறத்தாழ இதுவே. ஆகவே ஆறு என்பது ஓவியன் தன் விருப்பத்தால் மட்டும் வகுத்துக்கொண்ட எண் அன்று. சுவர் அவனுக்கு விட்டுவைத்த எண் எனலாம்.

இதனைக் கலைஞனின் அறியாமையாகவோ வறுமையாகவோ கொள்ளல் பொருந்தாது. இதற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம். முதலாவது, விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி பொன், வெள்ளி, அப்பிரகம், அரிதாரம், சாதிலிங்கம், அரக்கு, அவுரி முதலிய பல வண்ணப்பொருள்களைக் குறிப்பிடுகிறது. இந்திய ஓவிய மரபு அறிந்திருந்த பொருள்கள் ஆறினும் மிகப் பல என்பது இதனால் தெளிவு. இரண்டாவது, நீலக்கல் தமிழகத்தில் கிடைப்பதன்று. பழங்காலத்தில் அதன் பெயர்பெற்ற பிறப்பிடம் இன்றைய ஆப்கானிசுத்தானத்தின் பதக்சான் மலைப்பகுதி. அத்தொலைவிலிருந்து வந்த பொருளைப் பயன்படுத்த வாய்த்தவர்களை வண்ணத்திற்கு வழியற்றவர்கள் எனக் கூறல் இயலாது.

4. நூல்மரபில் மூலநிறமும் கலப்புநிறமும்

சில நிறங்களை மூலமாகக் கொண்டு பலவற்றைப் பெறும் நெறி இந்திய நூல்மரபில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. நாட்டிய சாத்திரம் ஒப்பனை பற்றிய பகுதியில் வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் நான்கினை இயல்நிறங்களாகக் கொள்கிறது. வெண்மையும் மஞ்சளும் கலப்பின் வெளிர்மஞ்சள், வெண்மையும் சிவப்பும் கலப்பின் தாமரை நிறம், மஞ்சளும் நீலமும் கலப்பின் பச்சை, நீலமும் சிவப்பும் கலப்பின் காவியாடையின் நிறம், சிவப்பும் மஞ்சளும் கலப்பின் கௌர நிறம் என அது இணைநிறங்களை வகுக்கிறது. சித்திரசூத்திரம் மூலநிறங்களை ஐந்தாகக் கூறி, அவற்றின் கலப்பால் விளைவன எண்ணிலடங்கா என்றும், அக்கலப்பு ஓவியனின் அறிவைப் பொறுத்தது என்றும் உரைக்கிறது.

இந்நூற்கருத்துகளைச் சித்தன்னவாசல் சுவரோடு ஒப்பிடுங்கால் ஒரு வேறுபாடு புலனாகிறது. நூலின்படி மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை கிடைக்கும். ஆயினும் சித்தன்னவாசல் ஓவியன் பச்சைக்குத் தனி நிறமியை நாடியுள்ளான். காரணம் ஊகிக்கத்தக்கதே. அரிய நீலக்கல்லை அரைத்து மஞ்சட்காவியோடு கலந்து விதானம் முழுவதையும் இலைப்பச்சையால் நிரப்புவது பெரும் பொருட்செலவு. மஞ்சட்காவியோடு கரியைக் கலந்தாலும் ஒருவகை மங்கிய பச்சை தோன்றும். ஆனால் அது பரந்த பரப்பில் சேற்றுநிறமாகத் தோற்றமளிக்கும். பச்சைமண் எளிதில் கிடைப்பது, காரத்தைத் தாங்குவது, மென்மையான சாயல் உடையது. நூல் கூறுவது நிறங்களின் பொதுவிதி. சுவரில் காணப்படுவது பொருள்களின் நடைமுறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, நூலைச் சுவருக்கு நேரடி விளக்கமாக்குவது பொருத்தமற்றது.

தமிழ் இலக்கிய மரபும் இங்குக் கருதத்தக்கது. வண்ணம் தீட்டப்பெறாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியத்தைப் ‘புனையா ஓவியம்’ எனப் பண்டைத் தமிழ் வழங்கியது. நெடுநல்வாடையும் மணிமேகலையும் இத்தொடரை ஆள்கின்றன. கோட்டினை ஒரு நிலையாகவும் வண்ணப் புனைவினைப் பிறிதொரு நிலையாகவும் பிரித்துணரும் தொழிலறிவு தமிழகத்தில் வேரூன்றியிருந்தது என்பதை இச்சொல்லாட்சி உணர்த்துகிறது.

5. தாமரைத் தடாகத்தில் கலப்பின் பணி

அர்த்தமண்டப விதானத்தில் அமைந்த தாமரைத் தடாகம் இவ்வாய்வுக்கு உரிய சிறந்த சான்றாகும். விரிந்த இலைகள், மொட்டும் மலருமான தாமரைகள், மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், மலர் கொய்யும் மாந்தர் மூவர் என உயிரினமும் செடியினமும் செறிந்த காட்சி இது. சமணர் கூறும் சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய காதிகா பூமி எனப் பலரால் இது விளக்கப்பட்டுள்ளது.

இக்காட்சியில் ஆறு நிறமிகளும் சமநிலையில் இடம்பெறவில்லை. பச்சை பரப்பாக நிற்கிறது. வெண்மையும் சிவப்பும் மலர்களில் கூடுகின்றன. கருமை கோட்டிலும் விலங்குகளின் உடலிலும் அமைகிறது. தாமரை இதழின் வெளிர்சிவப்பு, செங்காவியைச் சுண்ணத்தோடு கலந்து பெறத்தக்கது. அக்கலப்பின் அளவை மாற்றினால் இதழின் நுனியும் அடியும் வேறுபடும். மாந்தர் உடல்கள் செந்நிறத்திலும் செம்மஞ்சள் நிறத்திலும் தீட்டப்பட்டுள்ளன. செம்மஞ்சளுக்கெனத் தனி நிறமி பட்டியலில் இல்லை. இரு காவிகளின் கலப்பே அதனைத் தரவல்லது. ஆக, மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்துவது புதிய நிறமியின் வரவு அன்று. கலப்பின் விகிதமே ஆகும்.

பச்சைப் பரப்பின்மீது செந்நிற உடல்கள் அமைந்துள்ள முறையும் கருதத்தக்கது. பச்சையும் சிவப்பும் எதிர்நிறங்கள். அருகருகே அமைந்த நிறங்கள் ஒன்றையொன்று மிகுவித்துக் காட்டும் என்பதைப் பிரான்சு நாட்டு வேதியியலாளர் செவ்ரோல் 1839இல் வெளியிட்ட நூலில் முறைப்படுத்தி விளக்கினார். அக்கோட்பாடு எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவ்விளைவு இவ்விதானத்தில் செயற்படுத்தப்பட்டுள்ளது. மங்கிய பச்சைமண்ணும் மங்கிய செங்காவியும் தனித்தனியே நோக்கின் அடக்கமானவை. இணைந்த நிலையில் அவை ஒளிர்கின்றன.

இக்கலப்பில் ஒரு கடினப்பாடும் உண்டு. சுண்ணம் ஈரநிலையில் ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையுடையது. உலர்ந்தபின் வெண்மை மிகும். காவி நிறங்களும் உலர்ந்தபின் வெளிறித் தோன்றும். எனவே ஓவியன் கிண்ணத்தில் காணும் நிறம் சுவரில் நிற்கப்போகும் நிறம் அன்று. நாளை உலர்ந்து தோன்றப்போகும் நிறத்தை இன்றைய ஈரக் கலவையில் கணித்தல் வேண்டும். ஒரு பகுதியில் பயன்படுத்திய கலவையை மறுநாள் மற்றொரு பகுதிக்கு மீண்டும் அதே அளவில் உருவாக்குதலும் வேண்டும். நிறமிகள் பலவாயின் இக்கணிப்பு பெருகிக் கைமீறும். சிலவாயின் ஒவ்வொன்றின் இயல்பையும் கை நினைவில் கொள்ளும். குறைந்த எண்ணிக்கை கலைஞனுக்குத் தடையாக அமைந்ததோடு, அவனது பயிற்சியை நிறைவுறச் செய்யும் வாய்ப்பாகவும் அமைந்தது.

6. ஆறு என்னும் எண்ணும் சமய விளக்கமும்

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை, ஆசீவகர் கூறும் பிறப்பு வகைகளைக் கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன், வெண்மை என ஆறாக வகுக்கிறது. சித்தன்னவாசல் நிறமிப் பட்டியலும் கருமை, நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள், வெண்மை என ஆறே. இவ்விரு பட்டியல்களின் ஒற்றுமை வியப்பளிப்பது. அறிவர் கோயிலை ஆசீவகத்தோடு இணைத்துக் காணும் கருத்தும் தமிழாய்வுலகில் நிலவுகிறது. அக்கருத்திற்கு இவ்வோவிய நிறங்கள் துணைநிற்குமா என்பது ஆராயத்தக்கது.

முதலாவது தடை ஒப்பீட்டிலிருந்து எழுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றுச் சுவர்களில் சுந்தரர் வரலாறும் திரிபுராந்தகரும் தில்லைக் கூத்தனும் தீட்டப்பட்டுள்ளன. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த இவ்வோவியங்கள் ஐயத்திற்கிடமற்ற சைவ ஓவியங்கள். இவற்றின் நிறமிகளும் சுண்ணம், காவிகள், பச்சைமண், கரி முதலிய அதே குடும்பத்தைச் சார்ந்தவை. ஒரே வண்ணத்தொகுதி இருவேறு சமயத்தார் கோயில்களில் காணப்படுமாயின், அத்தொகுதி எச்சமயத்திற்கும் தனியடையாளம் ஆகாது.

இரண்டாவது தடை எண்ணிலிருந்து எழுகிறது. சமணரும் உயிரின் தன்மையை இலேசியை என்னும் ஆறு நிறங்களால் விளக்குவர். அவற்றுள் கருமை, நீலம், புறாநிறம், தீநிறம், தாமரைநிறம், வெண்மை என்பன அடங்கும். ஆறு என்னும் எண் ஆசீவகத்திற்குச் சான்றாகுமாயின் சமணத்திற்கும் சான்றாகும். இருசாரார்க்கும் பொருந்தும் சான்று இருவருக்கிடையே தீர்ப்பளிக்கவல்லது அன்று.

மூன்றாவது தடையே முதன்மையானது. அறுவகைப் பிறப்பில் நிறங்கள் ஏணிப்படிகள் போன்றவை. கருமையிலிருந்து வெண்மை நோக்கி உயர்தல் உண்டு. ஒன்றோடொன்று கலத்தல் இல்லை. ஓவியத்திலோ நிறங்கள் கலப்பதற்கென்றே அமைந்தவை. விதானத்தில் கண்ணைக் கவரும் தாமரையின் வெளிர்சிவப்பும், மாந்தர் உடலின் செம்மஞ்சளும் ஆறனுள் அடங்காதவை. கோட்பாட்டு நிறங்களைச் சுவரில் காட்டுவதே நோக்கமாயின், அவற்றைக் கலந்து சிதைத்திருக்க வேண்டியதில்லை. வேதியியலாளர் தரும் பட்டியல் நிறமிகளின் பட்டியல். காண்போர் காணும் நிறங்களின் பட்டியல் அன்று. நிறமி வேறு, நிறம் வேறு என்னும் இவ்வேறுபாட்டை மறந்ததனாலேயே இவ்விணைப்பு வலுவுடையது போல் தோன்றுகிறது.

இதனால் அறிவர் கோயில் ஆசீவகத்திற்கு உரியதன்று என நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் கூடாது. அவ்வினாவிற்கு விடை கல்வெட்டிலும் சிற்பத்திலும் காட்சிப்பொருளிலும் தேடப்பட வேண்டும் என்பதும், நிறமிப் பட்டியல் அவ்வழக்கில் சாட்சியாக நிற்க இயலாது என்பதுமே இங்குக் கூறத்தக்கவை.

7. நான்கு வண்ண மரபு: ஓர் ஒப்பீடு

குறைந்த வண்ணங்களுக்குக் கோட்பாட்டுப் பெருமை ஏற்றும் போக்கு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. உரோமானிய அறிஞர் பிளினி, அப்பெல்லஸ் முதலிய கிரேக்க ஓவியர் நால்வர் வெண்மை, மஞ்சள், சிவப்பு, கருமை என்னும் நான்கு நிறங்களைக் கொண்டே அழியாப் புகழ் எய்தினர் எனத் தம் நூலில் எழுதினார். தம் காலத்தவர் விலையுயர்ந்த வண்ணங்களைப் பெருக்கியும் சிறந்த ஓவியம் பிறக்கவில்லை என்பது அவர் தரும் குறிப்பு. ஆனால் 1977இல் வெளிப்பட்ட வெர்ஜினா அரசக் கல்லறைகளைச் சார்ந்த சான்றுகள், கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க ஓவியர் இந்நான்கிற்குள் மட்டும் நின்றவரல்லர் என்பதைக் காட்டுகின்றன. பிளினியின் கூற்றில் ஓவியவரலாற்றை விட அறவுரையே மிகுதி எனலாம்.

சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நான்கு வண்ணத்தொகுதியும் இத்தகையதே. 1896இல் அவர் தீட்டிய தன்னுருவ ஓவியத்தில், கையிலுள்ள வண்ணத்தட்டில் வெண்மை, மஞ்சட்காவி, சிவப்பு, கருமை ஆகியன காணப்படுகின்றன. இத்தொகுதியில் கருமையை வெண்மையோடு கலந்து பெறும் சாம்பல், செம்மஞ்சளின் அருகில் நீலமாகத் தோற்றமளிக்கும். உடலின் நிறத்தைத் தீட்டுதற்கு இது போதுமானது. எனினும் தேவை நேர்ந்தவிடத்து அவர் பச்சையையும் நீலத்தையும் ஆண்டுள்ளார். உருவ ஓவியத்தில் நான்கு போதும். தடாகத்திற்கு ஐந்தாவதும் ஆறாவதும் வேண்டும். எத்தனை நிறமிகள் என்பதைக் காட்சியும் ஊடகமும் தீர்மானிக்கின்றன. எண்ணுக்கெனத் தனிப்பட்ட மேன்மை ஏதுமில்லை.

எண்ணெய் வண்ணத்தில் வரைந்த சோர்னுக்கு எல்லை ஒரு தெரிவு. சுண்ணத்தில் வரைந்த சித்தன்னவாசல் ஓவியனுக்கு எல்லை ஒரு நிபந்தனை. எல்லையின் தோற்றுவாய் வேறாயினும் அதற்குள் இயங்கும் முறையில் ஒற்றுமை உண்டு. கலந்து பெறத்தக்க நிறத்திற்குத் தனி நிறமி வேண்டா. கலந்து பெற இயலாததற்கே தனி நிறமி வேண்டும் என்னும் சிக்கன நெறி இருவரிடமும் செயற்படுகிறது.

8. எஞ்சியதும் இழந்ததும்

இவ்வாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. வேதியியல் கண்டறிவது எஞ்சிய நிறமிகளையே. உலர்சாந்தின்மீது பசையோடு சேர்த்து இறுதியாகத் தீட்டப்பட்ட தாவரச் சாயம் ஏதேனும் இருந்திருப்பின், அது மறைந்திருக்கவும் கூடும். ஆகவே ஆறு என்பது இன்று சான்றுள்ள எண் என்றே கொள்ளப்படல் வேண்டும். அழிந்தது எது, வரையப்படாதது எது என்பதைப் பிரித்தறியாமல் வெற்றிடங்களைக் கலைஞனின் நோக்கமாக விளக்குதல் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

நிழற்படங்களையும் நகலோவியங்களையும் மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகளிலும் இவ்விடர் உள்ளது. அச்சில் மிகும் சிவப்பும் திரையில் மிகும் பச்சையும் சுவரில் உள்ளவை அல்ல. பச்சைமண்ணின் அடக்கத்தை இழந்த படியைக் கொண்டு எதிர்நிற அமைப்பைப் பேசுதல் இயலாது.

பிற கோயில்களின் நிலை மேலும் கவலைக்குரியது. திருப்பணியின்போது வெள்ளையடிப்பாலும் மணல்வீச்சாலும் பழைய சுவரோவியங்கள் பல அழிந்துள்ளன. செயற்கை வண்ணங்களால் மீளத் தீட்டப்பட்ட இடங்களில், சுண்ணம் விதித்த எல்லை முற்றிலும் நீங்கிவிடுகிறது. அங்கு உருவமும் கதையும் எஞ்சினும், காவிக்கும் பச்சைமண்ணுக்கும் இடையிலிருந்த உறவு எஞ்சுவதில்லை. காட்சிப்பொருளை மட்டும் பதிவு செய்யும் ஆவணங்கள் இவ்விழப்பைப் பதிவு செய்யத் தவறுகின்றன.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

● சித்தன்னவாசல் ஓவியங்களின் ஆறு நிறமிகள், சுண்ணத்தின் காரத்தன்மையைத் தாங்கும் பொருள்களின் தொகுதியாகும். அவ்வெண்ணிக்கை வறுமையையோ அறியாமையையோ காட்டுவதன்று.

● கலப்பின்வழிப் பெறத்தக்க வெளிர்சிவப்பு, செம்மஞ்சள் முதலியவற்றுக்குத் தனி நிறமி நாடப்படவில்லை. பரந்த பச்சைக்கு மட்டும் தனி நிறமி நாடப்பட்டது. இது நூல்விதியைக் கடந்த தொழிலறிவின் வெளிப்பாடாகும்.

● நிறமிகளின் எண்ணிக்கை கோயிலின் சமயத்தைத் தீர்மானிக்கும் சான்றாகாது. சைவ ஓவியங்களிலும் அதே வண்ணக் குடும்பம் காணப்படுவதும், ஓவியத்தில் கலப்பு ஓங்கி நிற்பதும் இதனை உறுதிப்படுத்துகின்றன.

● சுவரோவிய ஆவணப்படுத்தலில் காட்சிப்பொருளோடு நிறமி, பிணைப்பொருள், கலப்பு ஆகியனவும் இன்றியமையாத கூறுகளாகச் சேர்க்கப்படல் வேண்டும்.

சுவரில் எஞ்சியுள்ளவற்றுள் மிக எளிதில் அழியக்கூடியது கலப்பின் விகிதமே. உருவம் பாதி அழிந்தாலும் அடையாளம் காணப்படும். கல்வெட்டு சிதைந்தாலும் ஊகித்துப் படிக்கப்படும். வெளிறிய இதழொன்றில் செங்காவியும் சுண்ணமும் எந்த அளவில் கூடியிருந்தன என்பதை மட்டும் இதழ் உதிர்ந்தபின் மீட்டறிய வழியில்லை. ஆகவே அவ்வளவைப் பதிவு செய்யும் பணி இனியும் காலந்தாழ்த்தத்தக்கதன்று.